பத்துக்கு ரெண்டு

மேல்பங்களாவின் குசினிக்குப் பின்னால் ஓர் அறை இருக்கிறது. ஒரு ஜன்னல், ஒரு கட்டில், சுவரில் மாதா படம், கதவின் உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். இருபத்திரண்டு வருஷமாக நான் அதில்தான் படுத்து எழும்புகிறேன். குசினி அடுப்பின் சூடு சுவர் வழியாக வருவதால் தைமாதக் குளிருக்கும் ஒரே போர்வை போதும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் செய்தது அந்த அறைக்காகத்தான். பிறகு நல்லவள் வேஷம் போட எனக்கு வராது.

என் பெயர் சிசிலி. வயது ஐம்பத்து நாலு. என் அப்பா மரியநாயகம் இதே தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். பெண்கள் பறித்துக் கொண்டுவரும் கொழுந்தை மடுவத்துக் கொட்டகையில் தராசில் தொங்கவிட்டு நிறுத்து எழுதுகிற வேலை. அவர் இருந்த வரைக்கும் எங்களுக்குக் குவார்ட்டஸ், முன்வாசலில் ரோஜாச் செடி, கால்களில் சப்பாத்து. அவர் செத்த மூன்றாம் மாதம் குவார்ட்டஸைக் காலி செய்யச் சொன்னார்கள். அம்மாவும் நாங்கள் மூன்று பேரும் லயத்து வரிசை வீடுகளில் ஒரு காம்பராவுக்கு வந்தோம். பக்கத்துக் காம்பராப் பெண்கள் எங்களைப் பார்த்த பார்வை இன்னும் என் முதுகில் இருக்கிறது. ஒருமுறை கீழே இறங்கியவளுக்கு இன்னொருமுறை இறங்கத் தெம்பு வராது.

மேல்பங்களாவில் முன்பு தொரைமார் இருந்தார்கள். இப்போது வெள்ளைக்காரர்கள் வந்து இரண்டு இரவு தங்கி, மூடுபனியைப் போட்டோ பிடித்துவிட்டுப் போகிறார்கள். நிர்வாகம் பார்ப்பது பிரேமினி மேடம், கொழும்புக்காரி. கெட்டவள் என்று சொல்லமாட்டேன். கால்வலிக்குத் தைலம் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். ஆனால் அவளுக்கு மனிதர்களும் மேசை விரிப்பும் ஒன்றுதான். கறை பட்டால் மாற்றிவிடுவாள்.

கௌசி குசினிக்கு வந்து எட்டு மாதம். இருபத்தாறு வயது. ஆறு வருஷம் மலையில் கொழுந்தெடுத்தவள். பாத்திரம் கழுவத்தான் எடுத்தார்கள். கொட்டகலைப் பள்ளிக்கூடத்தில் ஓ.எல் வரை படித்திருந்ததால் இங்கிலீஷில் இருக்கும் சமையல் குறிப்பை எழுத்துக் கூட்டாமல் வாசித்தாள். விருந்தாளிகள் போனைத் தூக்கினால் சிரித்துக்கொண்டு நின்றாள். நான் போட்டோவில் சிரித்தால் பல் வலிக்காரி மாதிரி இருக்கும். பிரேமினியின் கண் அவள் மேல் விழுந்ததை நான் முதல் மாதமே கவனித்துவிட்டேன்.

போன கார்த்திகை மழையில் கௌசி இருந்த லயத்துக்குப் பின்னால் மலை வெடித்தது. வெடிப்பில் கையை விடலாம் என்றார்கள். அதிகாரிகள் வந்து யாரும் இங்கே குடியிருக்கக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். மற்றவர்கள் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போனார்கள். கௌசியும் அவள் அம்மா மீனம்மாவும் கோயில் மண்டபத்துச் சிமெந்துத் தரையில், சேலையைத் திரையாகக் கட்டிக்கொண்டு ஏழு மாதமாக இருக்கிறார்கள். மீனம்மாவுக்கு இடுப்பு போய்விட்டது. மலையில் வழுக்கி விழுந்தது. தரையில் படுத்தால் யாராவது தூக்கிவிட வேண்டும்.

ஒருநாள் என் அறைக் கதவு திறந்து கிடந்தது. கௌசி வெங்காயம் உரித்துக்கொண்டே உள்ளே பார்த்தாள்.

“ஒரு கட்டில் இருந்தா அம்மா தானா எந்திரிச்சு உக்காந்துக்கும்க்கா,” என்றாள்.

அவள் என்னிடம் எதையும் கேட்கவில்லை. சும்மாதான் சொன்னாள். ஆனாலும் அன்றிலிருந்து நான் கதவைச் சாத்தி வைக்கத் தொடங்கினேன்.

ஆனி மாதம் பிரேமினி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டாள். விருந்தாளிகள் குறைந்துவிட்டார்களாம், அடுத்த மாதத்திலிருந்து குசினிக்கு ஒரு ஆள் போதுமாம்.

“சனிக்கிழமை ஸ்கொட்லாந்திலேருந்து ஒரு ஹஸ்பண்டும் வைஃபும் வாறாங்க. அவங்க டுவர் கம்பெனி வச்சிருக்கிறவங்க. அவங்க நாட்டு மில்லியனர் ஷார்ட்பிரெட்ட நாலு மணி டீக்கு வைக்கணும். இந்தத் தடவை கௌசி தனியா செய்யட்டும். நல்லா வந்தா கௌசிதான் குக். ரூம் குக்குக்குத்தான், தெரியும்தானே.”

“அப்ப நானுங்க மேடம்?” என்றேன்.

“உங்களுக்குத் தம்பி வீடு இருக்குதானே சிசிலி.”

தம்பி ஜூட்சனின் வீடு இருக்கிறது. அதில் அவன் பெண்டாட்டி ஷிராணியும் இருக்கிறாள். போன கிறிஸ்மஸுக்குப் போயிருந்தபோது எனக்கு அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் பாய் போட்டுக் கொடுத்தாள். மூன்று நாள் முடிவதற்குள் எப்போது கிளம்புகிறேன் என்று இரண்டு தரம் கேட்டாள்.

அந்த ஷார்ட்பிரெட் பலகாரத்துக்கு எங்கள் குசினியில் மூன்றடுக்கு என்று பெயர். அடியில் மாவும் சீனியும் பட்டரும் சேர்ந்த பிஸ்கட், அதை மெதுவாக வேகவைக்க வேண்டும். நடுவில் டின்பாலும் சீனியும் பட்டரும் கிண்டிக் கிண்டிக் காய்ச்சிய கேரமல். மேலே சொக்கலேட்டை உருக்கி ஊற்றி ஆறவிட வேண்டும். ஆறியதும் சதுரமாக வெட்டுவோம். வெட்டும்போது நாலு பக்கமும் கோணலாக இருக்கும் ஓரத்தைச் சீவி எடுப்போம். அந்த ஓரம் குசினிக்காரர்களுக்கு. வெள்ளைக்காரத் தொரை காலத்திலிருந்து வரும் வழக்கம் அது. சதுரம் அவர்களுக்கு, ஓரம் எங்களுக்கு. நான் கிண்ணத்தால் அளந்துதான் இருபத்திரண்டு வருஷமாகச் செய்தேன். பிரேமினிக்கு அது பிடிக்காது. புதுத் தராசு வாங்கி வைத்திருந்தாள். கண்ணாடித் தட்டு, மேலே கிண்ணத்தை வைத்தால் சிவப்பு எண் ஓடும்.

சனிக்கிழமை காலை நல்ல மழை. கௌசி குளித்து, ஈரத் தலையை இறுக்கி முடிந்து, நெற்றியில் திருநீறு வைத்து வந்தாள். விரல் இடுக்குகளில் கொழுந்துக் கறை இன்னும் போகவில்லை என்று பிரேமினி கையுறை போடச் சொல்லியிருந்தாள். பட்டர் விலையில் இரண்டாம் தரம் செய்து பார்க்க வழியில்லை, ஒரே தரம்தான் என்றும் சொல்லியிருந்தாள். என்னை உதவி செய்ய வேண்டாம் என்றாள். அதனால் நான் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பீன்ஸ் நார் எடுத்தேன்.

கௌசி தராசில் கிண்ணத்தை வைத்தாள், எண்ணைப் பூச்சியமாக்கினாள், மாவைக் கொட்டினாள். முந்நூற்று நாற்பது வந்ததும் நிறுத்தினாள். பிறகு அந்தச் சிவப்பு எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. இதுலயும் கழிவு இருக்குங்களா?”

எனக்கு ஒரு நொடி விளங்கவில்லை. விளங்கியதும் பீன்ஸ் கையில் அப்படியே நின்றது.

மடுவத்தில் தராசு காட்டுவது ஒன்று, எழுதுவது ஒன்று. சாக்குக்கு ஒரு கிலோ, இலையில் இருக்கும் தண்ணிக்கு ஒரு கிலோ, முத்தல் இலைக்கு ஒரு கிலோ. அதற்குக் கழிவு என்று பெயர். பதினெட்டு காட்டினால் பதினைந்து. கௌசி அதை ஆறு வருஷம் பார்த்தவள், அவள் அம்மா முப்பது வருஷம் பார்த்தவள். தராசு என்றால் இருப்பதைவிடக் கூட்டிக் காட்டும், கழித்தால்தான் நிஜம் வரும் என்று அந்தக் குடும்பத்துக்கு ரத்தத்தில் ஊறியிருந்தது. ஓ.எல் கணிதத்தில் சி எடுத்தவள்தான். ஆனால் பள்ளிக்கூடத்தில் கொழுந்து நிறுக்கவில்லையே.

‘இல்ல புள்ள, இதுல காட்டுறதுதான் இருக்கு.’ இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியது. வாய் வரைக்கும் வந்தது. அவளுக்குப் பின்னால் என் அறைக் கதவு தெரிந்தது.

“எந்தத் தராசுல புள்ள கழிவு இல்ல,” என்றேன்.

“எவ்வளவுங்கக்கா?”

“பத்துக்கு ரெண்டு.”

அவள் முகம் தெளிந்தது. “நல்லவேளை கேட்டேன். ஒங்க ஐயா தராசுல நின்னவரு. ஒங்களுக்குத் தெரியாததா.”

மாவு வந்த காகிதப் பையில் பென்சிலால் கணக்குப் போட்டாள். முந்நூற்று நாற்பதுக்கு அறுபத்தெட்டு. ஒவ்வொரு கரண்டியாகப் போட்டு அறுபத்தெட்டையும் சேர்த்தாள். நூற்றுப் பதினைந்து கிராம் சீனிக்கு இருபத்து மூன்று. பட்டரை மட்டும் தராசில் வைக்கவில்லை. பக்கட்டில் இருநூற்று இருபத்தேழு என்று அச்சடித்திருந்தது.

“இதுக்குக் கழிவு வேணாம்தானேக்கா? கம்பெனிக்காரன் கழிச்சுத்தானே போட்டிருப்பான்.”

“ஆமா,” என்றேன்.

மாவு சேர மறுத்தது. சேரவே சேராது. பட்டர் அதற்குப் போதாது. பிடித்தால் உதிர்ந்தது. கௌசி இரண்டு தரம் என் பக்கம் திரும்பினாள். நான் பீன்ஸைப் பார்த்தேன். கடைசியில் ரொட்டிக்குத் தெளிப்பது போல உள்ளங்கையில் தண்ணீர் எடுத்துத் தெளித்துப் பிசைந்தாள். அந்த மாவில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இரும்பாகிவிடும். நான் ஸ்டூலை விட்டு எழும்பவில்லை. தட்டில் பரப்பி, அழகாக அமுக்கி, முள்ளுக்கரண்டியால் வரிசையாகக் குத்தி ஓவனில் வைத்தாள். அந்த வரிசை கோடு போட்டது மாதிரி நேராக இருந்தது.

கேரமலில் அவளை யாராலும் குறை சொல்ல முடியாது. கால் மணி நேரம் கண்ணை எடுக்காமல் கிண்டினாள். கொதிக்கிற ஒரு துளி மணிக்கட்டில் தெறித்து ஒட்டிக்கொண்டது. உதறக்கூட இல்லை, கையை நிறுத்தினால் அடிப்பிடிக்கும் என்று. இறக்கியபோது பழுத்த பலாச்சுளை நிறம். இத்தனை வருஷத்தில் எனக்கு அந்த நிறம் மூன்று தரமோ நாலு தரமோதான் வந்திருக்கிறது. அதைப் பார்த்ததும், மாவைப் பற்றி நான் சொன்னது நல்லதாகப் போயிற்று என்றுதான் நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

நாலு மணிக்கு மழை விட்டது. முன்விறாந்தையில் வெள்ளை விரிப்பு, வெள்ளிக் கேத்தல், கண்ணாடிக் குவளையில் பட்டிப்பூ. ஸ்கொட்லாந்துக்காரர் உயரமானவர், சிவந்த மூக்கு. அவர் மனைவி சின்ன உருவம், நரைத்த தலை. விருந்தாளிகளுக்கு முன்னால் வைத்து வெட்டினால்தான் போட்டோவுக்கு அழகு என்று பிரேமினி சொல்லியிருந்ததால் கௌசி தட்டை முழுசாகவே கொண்டுபோனாள். நான் கேத்தலோடு பின்னால் போனேன். மேலே சொக்கலேட் கண்ணாடியாக மின்னியது. அந்த அம்மா கையைத் தட்டினாள்.

கௌசி கத்தியை வைத்து அழுத்தினாள். சொக்கலேட் விரிந்தது, கேரமல் பிதுங்கியது, கத்தி அங்கேயே நின்றது. இன்னும் அழுத்தினாள். மேசை ஆடியது. இரண்டு கையையும் கத்தியின் மேல் வைத்து உடம்புப் பாரத்தைப் போட்டாள். படாரென்று ஒரு சத்தம், ஒரு துண்டு பறந்து போய்ப் பால் குவளையைத் தட்டிவிட்டது. விரிப்பில் பால் ஓடியது.

தொரை சிரித்தார். நல்ல மனுஷன், கேலியாகச் சிரிக்கவில்லை. ஒரு துண்டை எடுத்துக் கடித்துப் பார்த்து, முடியாமல் தட்டின் ஓரத்தில் வைத்தார். அந்த அம்மா தன் துண்டைத் தேநீரில் முக்கி, குழந்தைகள் ரஸ்க் தின்பது மாதிரி ஓரமாகச் சூப்பி, ‘கேரமல் அருமை’ என்றாள். அது உண்மை. பிரேமினியும் சிரித்துக்கொண்டே இருந்தாள். அந்தச் சிரிப்பு மாறாமல் எங்களைப் பார்த்து உள்ளே போகும்படி தலையை அசைத்தாள்.

ஐந்து நிமிஷத்தில் அவளும் குசினிக்கு வந்தாள்.

“என்ன போட்டாய்? எவ்வளவு மா போட்டாய்?”

“முந்நூத்தி நாப்பதுங்க மேடம். கழிவுக்கு அறுபத்தெட்டு.”

“என்னது கழிவுக்கு?”

கௌசி என்னைப் பார்த்தாள். “சிசிலி அக்காகிட்ட கேட்டுத்தாங்க போட்டேன்.”

“எங்கிட்டயா?” என்றேன். என் குரல் எவ்வளவு இயல்பாக வந்தது என்று எனக்கே ஆச்சரியம். “எங்கப்பா காலத்துல கழிவு உண்டான்னு கேட்டா. உண்டுன்னேன். மாவுக்குன்னு யாரு கண்டா? தோட்டத்துப் பழக்கம் மேடம். தராசக் கண்டா கூடப் போட்டுருவாங்க.” பிறகு மடுவத்தில் எப்படிக் கழிப்பார்கள் என்று பிரேமினிக்கு விளக்கினேன், சாக்கு, தண்ணி, முத்தல் என்று விரல் விட்டுச் சொன்னேன்.

பிரேமினிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது. “ஐயோ, இத நான் அவங்களுக்குச் சொல்லணும்,” என்று விறாந்தைக்குப் போனாள். கௌசி கையுறையைக் கழற்றி மடித்து மேசையில் வைத்தாள். இருபத்திரண்டு வருஷத்துக்காரியின் சொல்லா, எட்டு மாதத்துக்காரியின் சொல்லா, எது எடுபடும் என்று அவளுக்கும் தெரிந்திருக்கும்.

ஜன்னல் வழியாகப் பிரேமினியின் குரல் கேட்டது. தோட்டத்துப் பெண் மாவுக்குக் கழிவு போட்ட கதையை இங்கிலீஷில் நன்றாகவே சொன்னாள். சொல்லி முடித்துத் தானே சிரித்தாள். மற்ற இரண்டு பேரும் சிரிக்கவில்லை. அந்த அம்மா மெதுவாக ஒன்று கேட்டாள். எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் விளங்கும். அந்தப் பெண்களுக்கு இப்போதும் அப்படித்தான் நிறுக்கிறார்களா என்று கேட்டாள்.

பிரேமினி அது பழைய காலம் என்றாள். பிறகு தோட்டம் வேறு, பங்களா வேறு என்றாள். தொரை நாற்காலியை நகர்த்தி எழுந்து, நடக்கப் போவதாகச் சொன்னார். அந்த அம்மாவும் அவரோடு போய்விட்டாள். தேநீர் ஆறிக் கிடந்தது.

இந்த முறை குசினிக்குள் வந்த பிரேமினியின் முகத்தில் ரத்தமே இல்லை. கையில் அந்தத் தட்டு. உடைந்த துண்டுகளோடு அதைக் கௌசிக்கு முன்னால் வைத்தாள்.

“ஓரம்தானே கேப்பீங்க எப்பவும். இன்னைக்கு நடுவும் உனக்குத்தான். சாப்பிடு.”

“மேடம்…”

“பத்துத் துண்டு. இவ்வளவு பட்டரும் வீணாக்கி எனக்கு அவமானத்தையும் வாங்கித் தந்திருக்கிறாய். அதோட ருசி தெரிஞ்சுகொண்டு போ. முடிச்சாத்தான் உன்ர வேலைக் கார்ட்டில நல்லபடியா எழுதிக் குடுப்பேன், மலை வேலைக்காவது திரும்ப எடுப்பாங்க. சிசிலி, எண்ணிக்கொள்ளுங்க.”

போய்விட்டாள். குசினியில் கௌசியும் நானும் தட்டும்.

எனக்கு ஒரு பழைய நாள் ஞாபகம் வந்தது. எட்டு வயதிருக்கும். அப்பாவுக்குச் சோறு கொண்டு மடுவத்துக்குப் போயிருந்தேன். நல்ல கோடை, மூன்று வாரமாகத் துளி மழையில்லை. கொழுந்து வாடிச் சருகாகக் கிடந்தது. அப்பா வழக்கம் போலத் தண்ணிக்கு ஒன்று கழித்தார். வரிசையில் நின்ற மீனம்மா, அப்போது இளம்பெண், ‘ஐயா, தண்ணி எங்கங்க இருக்கு?’ என்று கேட்டாள். அப்பா பென்சிலை நாக்கில் தொட்டு, ‘கேட்டதுக்கு இன்னும் ஒண்ணு’ என்று சொல்லி மேலும் ஒரு கிலோ கழித்தார். மடுவமே சிரித்தது. நானும் சிரித்தேன், என் அப்பா எவ்வளவு கெட்டிக்காரர் என்று பெருமையாக இருந்தது.

கௌசி நின்றபடியே சாப்பிட்டாள். கடைவாயில் வைத்து நெரித்துத்தான் உடைக்க முடிந்தது. ஒவ்வொரு கடிக்கும் குசினி முழுக்கச் சத்தம் கேட்டது. முதல் துண்டு. இரண்டு. நான் எண்ணினேன். மூன்றாவதில் ஈறிலிருந்து ரத்தம் கேரமலில் பட்டது. தண்ணீர் குடிக்கட்டுமா என்று கண்ணால் கேட்டாள். செம்பைத் தள்ளினேன், அதை மட்டும் செய்தேன். நாலு, ஐந்து. பிரேமினி திரும்பி வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். பத்து என்று நான் சொன்னால் அது பத்து. மிச்சத்தை நாய்க்குப் போட்டுவிட்டு, முடித்துவிட்டாள் என்று சொல்லலாம். யார் பார்க்கப் போகிறார்கள்? ஆறு. ஏன் சொல்லவில்லை என்று பிறகு பல தரம் யோசித்திருக்கிறேன். அவளை விட்டுவிட்டால் நான் செய்தது தப்பு என்று ஆகிவிடும் போலிருந்தது. அவள் ஏதோ குற்றம் செய்தவளாக இருந்தால்தான் எனக்கு வசதி.

எட்டாவது துண்டை முடித்ததும் கண்ணெல்லாம் நீர் கட்டி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கௌசி என்னை நேராகப் பார்த்தாள்.

“எட்டாச்சு. பத்துக்கு ரெண்டு கழிச்சுக்கலாங்களாக்கா?”

அவளுக்கு விளங்கிவிட்டது. மாவு, தராசு, நான், கதவு, எல்லாமே விளங்கிவிட்டது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் கேட்டது அந்த ஒன்றைத்தான். என் வாய் தன்பாட்டில் திறந்தது.

“கேட்டதுக்கு இன்னும் ஒண்ணு.”

சொன்ன பிறகுதான் அது யார் குரல் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் வாபஸ் வாங்கவில்லை. கௌசி ஒன்பது, பத்து, பதினொன்று என்று மூன்றையும் தின்றாள். கடைசியில் பின்வாசலுக்குப் போய்க் தண்ணீர் ஓடும் கானில் குனிந்து எல்லாவற்றையும் வாந்தியெடுத்துவிட்டாள். திரும்பி வந்து தட்டைக் கழுவினாள், தராசுக் கண்ணாடியைத் துடைத்தாள், ஏப்ரனை மடித்து ஆணியில் போட்டாள். படியிறங்கும்போது முகத்தைத் துடைக்கக்கூட இல்லை.

பிரேமினி சொன்னபடி வேலைக் கார்ட்டில் எழுதிக் கொடுத்தாள். கௌசி மலைக்குத் திரும்பினாள். ஸ்கொட்லாந்துக்காரர்கள் மறுநாள் காலையிலேயே கிளம்பிவிட்டார்கள். அவர்கள் கம்பெனியிலிருந்து இன்றுவரை ஒருவரும் வரவில்லை. நான்தான் குக். அறையும் எனக்குத்தான். உள்தாழ்ப்பாளை இப்போதும் ஒழுங்காகப் போடுகிறேன். மூன்றடுக்கு மட்டும் செய்வதில்லை. ஓவன் சரியில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

அது நடந்து மூன்று வாரம் கழித்துக் கொட்டகலைக்குச் சாமான் வாங்கப் போக வேண்டியிருந்தது. பஸ் பிடிக்க மடுவத்தைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். வேறு வழி இருந்தால் அதில் போயிருப்பேன். பகல் நிறுவை நடந்துகொண்டிருந்தது. இருபது முப்பது பெண்கள், இடுப்பில் சுற்றிய படங்குத் துணி, தலையில் ஈரச் சாக்கு. இப்போது கணக்கு எழுதுவது வீரய்யா. கௌசியின் முறை வந்தபோதுதான் நான் அந்த இடத்துக்குச் சரியாக வந்தேன். சாக்கைக் கொக்கியில் மாட்டினாள். முள் இருபத்தொன்றில் நின்றது.

“பதினெட்டு,” என்றார் வீரய்யா.

கௌசி சாக்கை இறக்கிவிட்டுத் திரும்பினாள். என்னைக் கண்டாள். முகம் மெலிந்திருந்தது. கேரமல் தெறித்த மணிக்கட்டில் கறுத்த தழும்பு. நான் நிற்காமல் போயிருக்கலாம். ஆனால் எல்லாப் பெண்களும் பார்த்தார்கள், ஏதாவது கேட்காமல் போனால் நன்றாக இருக்காது.

“அம்மா எப்பிடி இருக்காங்க?” என்றேன்.

“தரையிலதாங்க இருக்கு,” என்றாள். கோபமே இல்லாத குரல். பெரியவர்களுக்குக் கொடுக்கிற மரியாதை துளியும் குறையவில்லை. “என்னயப் பத்திக் கவலப்படாதீங்கக்கா. இந்தத் தராசு பரவாயில்ல. இருவத்தொண்ணுக்கு மூணுதான் எடுக்குது. ஒங்க அளவுக்கு எடுக்கல.”

மற்றப் பெண்களுக்கு அது என்னவென்று தெரியவில்லை. அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். வீரய்யா பென்சிலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“மரியநாயகம் ஐயா மகள்தானே. ஐயா தராசுல நின்ன காலத்துல எவ்வளவு கழிப்பாரு, சொல்லுங்க.”

இருபது முப்பது முகங்கள் என் பதிலுக்காகக் காத்திருந்தன. அவர்களில் பாதிப் பேரின் அம்மாமார் என் அப்பாவின் தராசில் சாக்கு மாட்டியவர்கள். வளைவில் பஸ் ஹோர்ன் அடித்தது. எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு ஓடினேன். ஏறி உட்கார்ந்த பிறகு கொண்டக்டர் எங்கே போக வேண்டும் என்று இரண்டு தரம் கேட்ட பிறகுதான் கொட்டகலை என்றேன்.